எஞ்சினின் நாடி: எண்ணெய் அழுத்தமானியும் வெப்பமானியும்

(வெள்ளி விழாவையொட்டி ஆதிச்சநல்லூரில் நடைபெற்ற இளைஞர் தொழிற்கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் மேடையில் பள்ளிப் படிப்பையும் தேர்வையும் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ, உள்ளங்கையில் அடங்கும் இரண்டு சிறு வட்டக் கருவிகளைப் பற்றி. ஒன்று, எஞ்சினில் ஓடும் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுவது. மற்றொன்று, அதன் வெப்பத்தைக் காட்டுவது. இவற்றை வண்டியில் பொருத்துவது எப்படி, பொருத்திய பின் படிப்பது எப்படி என்பதே பொருள்.

இதற்கு ஏன் இந்த மேடை என்று சிலர் கேட்கலாம். நம் வீடுகளில் பல, சக்கரத்தை நம்பி அடுப்பு எரிப்பவை. துறைமுகத்துச் சரக்கு லாரி, உப்பளத்து லாரி, திருச்செந்தூருக்கும் குற்றாலத்திற்கும் ஓடும் வாடகைக் கார் என்று நம் இளைஞர் கை வைக்காத வண்டி இல்லை. 1974ஆம் ஆண்டில் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் தாட்கோ நிறுவனமும் தோன்றியது. அன்று முதல் பிறர் வண்டியை ஓட்டியவர்களுள் சிலர், கடன் பெற்றுச் சொந்த வண்டிக்கு உரியவர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். கடனில் வாங்கிய வண்டியின் எஞ்சின் நின்றுவிட்டால் வருமானம் நின்றுவிடும், தவணை நிற்காது. ஆகவே இப்பேச்சு எஞ்சினைப் பற்றியது மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் சோற்றைப் பற்றியதுமாகும்.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கிராங்க் ஷாப்ட் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. அந்தக் கனத்த இரும்புத் தண்டு தன்னைத் தாங்கும் பேரிங்கின்மேல் நேரடியாகப் படுவதில்லை. இரண்டுக்கும் நடுவே தலைமயிரினும் மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அந்தப் படலத்தின்மேல்தான் எஞ்சின் முழுவதும் மிதக்கிறது எனலாம். சம்பில் இருக்கும் எண்ணெயைப் பம்பு உறிஞ்சி, பில்டர் வழியாகத் தள்ளி, துளைகள் வழியே ஒவ்வொரு பேரிங்கிற்கும் அனுப்புகிறது. இப்படித் தள்ளப்படும் எண்ணெய் வழியில் சந்திக்கும் எதிர்ப்பே அழுத்தமாகத் தெரிகிறது.

எண்ணெய் சூடேறினால் இளகும். சந்தையில் 15டபிள்யூ-40 என்று விற்கும் எண்ணெய், 40 டிகிரி வெப்பத்தில் உள்ள கெட்டித்தன்மையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத்தான் 100 டிகிரியில் கொண்டிருக்கும். எனவே காலையில் முதல் முறை இயக்கும்போது அழுத்தம் மிகுந்தும், வண்டி ஓடிச் சூடான பின் குறைந்தும் காணப்படுவது இயற்கை. வெப்பத்தை அறியாமல் அழுத்தத்தை மட்டும் படிப்பவர் பாதிக் கடிதத்தைப் படித்தவராவார். இரண்டு மானிகளும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

விளக்கு போதாதா?

பெரும்பாலான கார்களில் கம்பெனியார் வைப்பது ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே. அழுத்தம் ஏறத்தாழ 5 பவுண்டு என்னும் அளவுக்குக் கீழே வீழ்ந்த பின்னரே அந்த விளக்கு எரியும். ஐட்லிங்கில் 20 பவுண்டு காட்டவேண்டிய எஞ்சின் 15 ஆகி, 10 ஆகி, 7 ஆகித் தேய்ந்துகொண்டே போனாலும் விளக்கு வாய் திறவாது. நெடுஞ்சாலை வேகத்தில் 50 பவுண்டு இருக்கவேண்டிய இடத்தில் 15 பவுண்டு மட்டும் இருந்தாலும், விளக்கைப் பொறுத்தவரை எல்லாம் நலமே! அது எரியும் நேரத்தில் பேரிங் உராயத் தொடங்கியிருக்கக் கூடும்.

நம் கடற்கரையின் முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும் அதன் முறையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மேலே வள்ளத்தில் மற்றொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஆழத்தில் இருப்பவரின் முகம் அவருக்குத் தெரியாது. கயிற்றின் அசைவு ஒன்றே செய்தி. கயிற்றிலிருந்து கையை எடுத்தவர் உயிருக்கு இரண்டகம் செய்தவராவார். எஞ்சினின் ஆழத்தில் நடப்பதும் நம் கண்ணுக்குத் தெரியாது. மானியின் முள்தான் நம் கையில் இருக்கும் கயிறு.

இரு வகை மானிகள்

அழுத்தமானிகளில் இரு வகை உண்டு. முதல் வகை, எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக எண்ணெயே மானிவரை வருவது. அதனுள் வளைந்த, தட்டையான ஒரு குழல் இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நிமிர முயலும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பிரான்சு நாட்டுப் பூர்தோன் என்பவர் 1849இல் கண்ட முறை இது. பஞ்சர் கடைக் காற்றுமானியிலும் பாய்லர் மானியிலும் இதே அமைப்பைக் காணலாம். நம்பத் தகுந்தது; மின்சாரம் வேண்டாதது. ஆனால் குழாய் உடைந்தால் கொதிக்கும் எண்ணெய் ஓட்டுநரின் காலில் பாயும்.

இரண்டாம் வகை மின்சார மானி. எஞ்சினில் ஒரு சென்சார் இருக்கும். அழுத்தம் மாற மாற அதன் மின்தடை மாறும். மானி அந்த மாற்றத்தை எண்ணாகக் காட்டும். எண்ணெய் எஞ்சினைவிட்டு வெளியே வருவதில்லை. ஆகவே காருக்கு இதுவே ஏற்றது. இதில் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு கம்பெனியின் சென்சாரை மற்றொரு கம்பெனியின் மானியோடு இணைத்தால் முள் அசையத்தான் செய்யும். ஆனால் காட்டும் எண் பொய்யாக இருக்கும். மானியையும் சென்சாரையும் ஒரே பெட்டியில் இணையாக வாங்குவதே முறை. வெப்பமானியும் பெரும்பாலும் இம்மின்சார வகையே.

பொருத்தும் முறை

எஞ்சின் நன்கு ஆறிய பின், பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

விளக்குக்கான ஆயில் சுவிட்ச் எஞ்சின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதிய சென்சாரைத் திருகுவோர் உண்டு. அது கூடாது. ஒரு ‘டி’ வடிவ இணைப்பை இட்டு, பழைய சுவிட்சையும் புதிய சென்சாரையும் ஒன்றாக வைக்க வேண்டும். மானி பழுதானால் விளக்காவது இருக்கட்டும். அந்த இணைப்பைப் பிளாக்கிலேயே நேராகத் தொங்கவிடுவதும் தவறு. சென்சார் கனமானது, எஞ்சினின் அதிர்ச்சியில் பித்தளைக் கழுத்து முறிந்துவிடும். அழுத்தமும் வெப்பமும் தாங்கும் எண்ணெய் ஹோஸ் ஒன்றை இட்டு, சென்சாரை வண்டியின் உடற்பகுதியில் கிளாம்ப் வைத்துப் பிடிப்பதே நிலைத்து நிற்கும். அப்படி வைக்கும்போது, வயர் ஒன்றினால் சென்சாருக்குத் தனியே எர்த் கொடுக்க வேண்டும்.

மரை பொருந்துகிறதா என்பதை முதலில் கையால் திருகிப் பார்க்க வேண்டும். ஒரே பருமன்போல் தோன்றும் மரைகளில் வேறுபாடு உண்டு. பொருந்தாததை ஸ்பேனர் வலிமையால் ஏற்றினால், அலுமினியப் பகுதியாக இருப்பின் மரை அழிந்துபோகும்; ஐம்பது ரூபாய் இணைப்புக்காக எஞ்சின் பாகத்தையே மாற்றும்படி ஆகும். டெஃப்லான் டேப்பை அளவோடு சுற்ற வேண்டும். மரையின் வழியே எர்த் பெறும் சென்சாரில் அதை மிகுதியாகச் சுற்றினால் எர்த் கெட்டுவிடும். துண்டு பிய்ந்து எண்ணெய் வழிக்குள் போனால் துளை அடையும்.

வெப்பச் சென்சாரைச் சம்பின் வடிகால் போல்ட்டின் இடத்திலோ, பில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் தட்டிலோ பொருத்தலாம். வடிகால் போல்ட்டின் இடம் எளிது. ஆனால் நம் ஊர்ச் சாலைகளின் கல்லும் வேகத்தடையும் அதை உடைக்கக் கூடும். நடுத்தட்டு வைப்பது செலவு மிகுந்தாலும் பாதுகாப்பானது. ஒரே எஞ்சினில் இவ்விரு இடங்களும் ஒரே எண்ணைக் காட்டமாட்டா. ஓரிடத்தில் வைத்து, அந்த இடத்தின் எண்ணையே தொடர்ந்து கவனித்து வருவதுதான் பயன் தரும்.

பொருத்துமுன் வெப்பமானியைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. சென்சாரை வயரோடு இணைத்து, அதன் உடலுக்கு எர்த் கொடுத்து, அடுப்பில் கொதிக்கும் நீரில் நுனியை நனைத்துப் பிடியுங்கள். முள் 100 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். நம் பகுதி கடல்மட்டத்திற்கு அதிக உயரமில்லை. எனவே கொதிநீரே நமக்கு நம்பகமான அளவுகோல்.

மானிக்கு நான்கு வயர்கள் வரும்: சாவி திருப்பினால் மின்சாரம் வரும் வயர், எர்த், சென்சார் வயர், இரவு விளக்கு வயர். மின்சார வயரில் ஃபியூஸ் கட்டாயம். தகட்டுத் துளை வழியே வயர் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் வைக்க வேண்டும். இல்லையேல் தகட்டின் விளிம்பு வயரை அறுத்துத் தீயை மூட்டும். சைலன்சர் பக்கம் வயரோ ஹோஸோ போகக் கூடாது. உப்புக் காற்று வீசும் நம் கரையோரத்தில் டெர்மினல்கள் விரைவில் பச்சை பூத்துவிடும். அவற்றில் கிரீஸ் தடவி, மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் எஞ்சினை இயக்கி, ஒவ்வொரு இணைப்பையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். சூடேறிய பின் மறுமுறை பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் வண்டி நின்ற தரையையும் பார்க்க வேண்டும். ஒரு சொட்டுக் கசிவும் வேலை முடியவில்லை என்பதன் அடையாளமே. வாரண்டி உள்ள புது வண்டியில் வயரை வெட்டுமுன், அது வாரண்டியைக் கெடுக்குமா என்று விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ளல் நலம்.

முள்ளைப் படிக்கும் முறை

முதல் விதி: உங்கள் வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் எண்ணே எண். அது கிடைக்காதபோது மெக்கானிக்குகள் கையாளும் பொது அளவு, நிமிடச் சுற்று ஆயிரத்திற்கு 10 பவுண்டு என்பது. 3000 சுற்றில் 30 பவுண்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது இதன் பொருள். சில மானிகளில் பவுண்டுக்குப் பதிலாகப் ‘பார்’ என்றிருக்கும். ஒரு பார் என்பது 14.5 பவுண்டு.

ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அழுத்தமும் ஏறும். ஓர் அளவுக்கு மேல் ஏறாது நின்றுவிடும். ரிலீஃப் வால்வு திறந்து மிகுதியைத் திருப்பிவிடுவதே காரணம். அது பழுதன்று. இக்காலத்துச் சில எஞ்சின்களில் பம்பின் அழுத்தத்தைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குகிறது. அவ்வண்டிகளில் முள் திடீரென ஒரு படி மாறுவதும் இயல்பே.

எண்ணெய் வெப்பம் 90 முதல் 110 டிகிரி வரை இருப்பது நலம். 80 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் ஓடும் எஞ்சினில், எண்ணெயில் கலந்த நீர் ஆவியாகிப் போகாமல் தங்கி அதைக் கெடுக்கும். தண்ணீர் வெப்பமானி ஏறிவிட்டது என்பதற்காக எண்ணெயும் சூடாகிவிட்டது என்று எண்ணலாகாது. எண்ணெய் மெல்லத்தான் ஏறும். அதுவரை எஞ்சினை விரட்டாமல் ஓட்டுவது நல்லது. செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும்போது 120 டிகிரி தொடலாம். 130ஐத் தாண்டினால் வேகத்தையும் சுமையையும் தளர்த்த வேண்டும். அத்தகைய நேரத்தில் எஞ்சினைப் பட்டென்று அணைக்காமல், அழுத்தம் சரியாக இருக்குமானால், சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஆற்றுவதே முறை; டர்போ உள்ள வண்டிக்கு இது மிகத் தேவை.

முள் பேசும் மொழியில் சில சொற்களை இப்போது பார்ப்போம்.

முள் திடீரென்று சுழிக்கு வீழ்ந்தால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்க வேண்டும். ஓடும் வண்டியில் சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்ற பின் அளவுக் கம்பியைப் பாருங்கள். எண்ணெய் இருந்து, சிவப்பு விளக்கும் எரியாதிருந்தால் வயர் அறுந்திருக்கக் கூடும். ஆயினும் அதை உறுதி செய்யாமல் மீண்டும் இயக்கலாகாது.

வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் மட்டும் முள் துடித்தால், எண்ணெய் குறைந்திருக்கிறது. பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள்.

அழுத்தம் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்து வந்தால் பேரிங் தேய்கிறது, அல்லது பம்பு தேய்கிறது, அல்லது டீசல் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. அளவுக் கம்பியில் எண்ணெய் ஊற்றாமலே ஏறியிருந்தால் டீசல் கலப்பையோ நீர்க் கலப்பையோ ஐயுறலாம். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது.

அழுத்தம் மிகுதியாக இருந்தால் எஞ்சின் மிக நலம் என்று மகிழ்வோர் உளர். அது பிழை. சூடான பின்னும் முள் உச்சியிலேயே நின்றால், ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கலாம்; வழி அடைத்திருக்கலாம். அடைப்புக்கு முன்னே அழுத்தம் மிகும். அடைப்புக்குப் பின்னே எண்ணெயே போகாது. அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்பதை மறவாதீர்கள்.

எழுதி வைத்தலே கல்வி

இனி இப்பேச்சின் உயிர்நிலைக்கு வருகிறோம். முள்ளைப் பார்ப்பது பாதி வேலை. பார்த்ததை எழுதி வைப்பதே மீதி. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வண்டியில் இருக்கட்டும். வாரம் ஒரு முறை நாள், கிலோமீட்டர், சூடான பின் ஐட்லிங்கில் அழுத்தம், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அதே கியரில் அழுத்தம், அந்நேரத்து எண்ணெய் வெப்பம், எண்ணெய் மாற்றிய நாள் என இவற்றைக் குறியுங்கள்.

எடுத்துக்காட்டாக, எண்ணெய் 100 டிகிரியில் இருக்கும்போது சித்திரையில் 22 பவுண்டு, ஆடியில் 20, ஐப்பசியில் 16, தையில் 12 என்று ஒரு நோட்டில் இருப்பதாகக் கொள்வோம. ஒவ்வொரு நாளும் பார்த்தவர்க்கு மாற்றம் தெரிந்திராது. எழுதியவர்க்கோ நான்கு எண்களும் ஒரு செய்தியைச் சொல்லிவிடும். ஐப்பசியிலேயே அவர் எண்ணெயையும் பில்டரையும் மாற்றிப் பார்ப்பார். அழுத்தம் ஏறாவிடின் பம்பையும் பேரிங்கையும் சோதிப்பார். கிராங்க் ஷாப்ட் கெடுமுன் பேரிங்கை மாற்றுவது சிறிய செலவு. கெட்ட பின் எஞ்சினையே இறக்குவது பெரிய செலவு. ஆனால் 95 டிகிரியில் 20 பவுண்டு, 120 டிகிரியில் 12 பவுண்டு என்றிருந்தால் அது தேய்மானமாகாது. வெப்பத்தின் வேறுபாடே ஆகும். ஒத்த வெப்பத்தில் எடுத்த எண்களையே ஒப்பிட வேண்டும்.

சம்பளத்திற்கு ஓட்டும் நம் தோழர்களுக்கு இந்த நோட்டு மற்றொரு வகையிலும் காவலாகும். எஞ்சின் பிடித்துவிட்டால் பழி முதலில் விழுவது ஓட்டுநர்மேல். சம்பளத்தில் பிடிப்பார்கள், வேலையை விட்டும் அனுப்புவார்கள். ‘மூன்று மாதமாக அழுத்தம் குறைந்து வருவதைச் சொன்னேன்’ என்று வாயால் சொன்னால் யார் கேட்பார்? நாளும் எண்ணுமாக எழுதி, அவ்வப்போது உரிமையாளருக்குக் காட்டிக் கையெழுத்தும் பெற்றிருந்தால், அந்தத் தாள் பேசும்.

பட்டறைகளில் சிறுவர்களாகச் சேரும் நம் பிள்ளைகள் பலர், ஆண்டுக்கணக்கில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவர்களாகவும் பாகங்களைக் கழுவுபவர்களாகவுமே இருந்துவிடுகிறார்கள். ‘சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன்’ என்னும் மூத்த மெக்கானிக்கின் செவித்திறன் போற்றத்தக்கதே. ஆனால் அந்தத் திறன் அவர் மனமுவந்து சொல்லிக் கொடுத்தால்தான் வரும். சிலர்க்குச் சொல்லப்படுவதே இல்லை. மானியின் எண்ணோ மறைவில்லாதது. அந்த முள் முதலாளிக்கு ஓர் எண்ணையும் கூலியாளுக்கு வேறோர் எண்ணையும் காட்டுவதில்லை. படிக்கத் தெரிந்தவர் எவரோ அவர்க்கு அது சொந்தம். இதனால்தான் இதைக் கல்விச் சங்கத்தின் மேடையில் பேசுகிறோம்.

ஆதலின் இளைஞர்களே, பட்டறைப் பழக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டாண்டோ, டீசல் மெக்கானிக் பிரிவில் ஓராண்டோ பயிலலாம். மின்சாரக் கார் வந்துவிட்டதே, இனி எண்ணெய் மானி எதற்கு என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது உண்மைதான். மின்சாரக் காரில் எஞ்சின் எண்ணெய் இல்லை. ஆனால் பாட்டரியின் வெப்பம் உண்டு, மின்னழுத்தம் உண்டு. கருவி மாறும், அளந்து, எழுதி, ஒப்பிட்டு, காரணம் காணும் பழக்கம் மாறாது. அதைக் கற்றவர் எந்த வண்டி வந்தாலும் வேலையின்றி நிற்கமாட்டார்.

நாம் கூடியிருக்கும் இம்மண்ணில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் இரும்புக் கருவிகள் பல வெளிப்பட்டன. இங்குக் கிடைத்த பொருள்களுள் ஒன்றின் காலம் கி.மு. 905 என்று 2019இல் வெளியான ஆய்வு முடிவு கூறுகிறது. இரும்பை அறிந்த கைகள் இங்கே நேற்றுத் தோன்றியவை அல்ல. அக்கைகளோடு எழுதும் பழக்கமும் சேரட்டும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கின்றோம். இவ்வெள்ளி விழாவின் நினைவாக, சரியான அழுத்தமானி ஒன்றையும் அதற்குரிய இணைப்புகளையும் வாங்கிச் சங்க நூலகத்தில் வையுங்கள். புத்தகத்தை எடுத்துச் செல்வதுபோல் நம் இளைஞர்கள் அதைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, தம் வண்டிகளைச் சோதித்துத் திருப்பித் தரட்டும். நூலகத்தில் நூலும் கருவியும் அருகருகே இருக்கட்டும்.